ஒரே பேரில் இரண்டு பேர்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே என் பெயர் என் கையை விட்டுப் போய்விட்டது. அது எனக்குப் புரிய இன்னும் சில மாதங்கள் ஆயின.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. எங்கள் வீடு குரோம்பேட்டையில், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துத் தெருவில். எனக்கு இருபத்து நான்கு வயது. சைதாப்பேட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மேற்கு தாம்பரத்திலிருந்து ஐந்து பேர் வந்தார்கள்: மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி. தரகர் கொடுத்த ஜாதகத்தில் நட்சத்திரப் பெயர்தான் எழுதியிருந்தது. அதனால் என்னை உட்காரவைத்து மாப்பிள்ளையின் அம்மா கேட்டார், "கூப்பிடற பேரு இன்னாம்மா?"

சொன்னேன்.

உடனே எல்லோரும் சிரித்தார்கள். அந்த அண்ணிதான் முதலில் சிரித்தாள். பிச்சிப்பூ வைத்துக்கொண்டு, பச்சைப் பட்டுப் புடவையில், என்னை விட நாலைந்து வயது பெரியவளாக உட்கார்ந்திருந்தாள். "ஐயோ, என் பேரு!" என்று மார்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள். சொன்ன விதத்தில் கெடுதல் ஒன்றும் இல்லை. எனக்குத்தான், யாரோ என் பையில் கைவிட்டது போல இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா சிரித்து முடித்துவிட்டு அப்பாவைப் பார்த்துச் சொன்னார். "பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்கு சார். ஆனா ஒரே வூட்ல ரெண்டு மருமகளுக்கு ஒரே பேரு சரிப்படாது. கூப்புட்டா யாரு வர்றது? மூத்தவ வந்து ஆறு வருஷம் ஆச்சு. சின்னவளுக்கு வேற பேரு வெச்சுக்கறோம்."

 சின்ன வயதில் இறந்துபோன தன் தங்கையின் பெயரைத்தான் அப்பா எனக்கு வைத்திருந்தார். அதைச் சொல்வார் என்று காத்திருந்தேன். "வீட்டுக்குள்ள கூப்பிடறதுக்குத்தானே, அதுக்கென்ன" என்றார். அதோடு முடிந்தது. புதுப் பெயரை மாமனார் தேர்ந்தெடுத்தார். கல்யாணப் பத்திரிகையில் அதுதான் அச்சானது. ஆபீசில் பத்திரிகை கொடுத்தபோது பக்கத்து சீட்டு அக்கா பிரித்துப் படித்துவிட்டு, "உன் தங்கச்சிக்கா கல்யாணம்?" என்று கேட்டாள். எனக்குத் தங்கையே கிடையாது.

முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே போகிற தெருவில் மாமனார் கட்டிய வீடு. கீழே இரண்டு அறை, கூடம், சமையலறை. மாடியில் எங்களுக்கு ஓர் அறை. கல்யாணமான மறுநாள் காலை ஆறு மணிக்குக் கீழேயிருந்து மாமியார் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். புடவையைக்கூடச் சரியாகக் கட்டாமல் "இதோ வரேன் அத்தை" என்று படியில் ஓடிவந்தேன். அங்கே ஓரகத்தி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் பால் பாத்திரத்தைக் கொடுத்துக்கொண்டிருந்த மாமியார் என்னைப் பார்த்துவிட்டு, "உன்ன இல்லம்மா, இவள" என்றார். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் சிரித்தார். என் கணவரும் சிரித்தார்.

முதல் மாதம் முழுக்க இப்படித்தான். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அந்த வீட்டில் என் பெயர் கேட்கும். இருபது தடவையும் என் கழுத்து தானாகத் திரும்பும். பிறகு திரும்புவது நின்றது. நின்ற பிறகு இன்னும் மோசமாக இருந்தது. திரும்பிப் பார்த்தபோதாவது அது என் பெயர்தான், தவறாக இன்னொருத்தி எடுத்துக்கொண்டாள் என்று இருந்தது. இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன். யாரோ ஒருத்தியை எல்லோரும் ஆசையாகக் கூப்பிடுகிறார்கள். அந்த ஒருத்தி நான் இல்லை.

ஆசையாகத்தான் கூப்பிட்டார்கள். அது ஒன்றும் என் கற்பனை இல்லை. அவள் வைத்த வத்தக்குழம்பு, அவள் போட்ட கோலம், அவள் மாமனாருக்குக் கட்டிக்கொடுக்கும் வெற்றிலைப் பொட்டலம் எல்லாவற்றிலும் ஒரு பாந்தம் இருந்தது. அவளுடைய இரண்டு பெண் குழந்தைகளும் அழுதால் அவள் குரல் உயராது. நான் காலை ஏழே முக்காலுக்கு ரயிலுக்கு ஓடுவேன். சாயந்திரம் ஏழு மணிக்குக் கசங்கிப்போய்த் திரும்புவேன். என்னைக் கூப்பிட யாருக்கும் சந்தர்ப்பமே அதிகம் வராது. வந்தாலும் புதுப் பெயர் அவர்கள் வாயில் இன்னும் பழகவில்லை. மாமியார் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொல்வார். என் கணவர் "இந்தா" என்பார், அல்லது "கேட்டியா" என்பார். அந்த ஊரில் அது ஒன்றும் புதிதில்லை. ஆனால் நான் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

தலை தீபாவளிக்கு அழைக்க என் அம்மா வந்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கேட்டைத் திறக்கும்போதே அம்மா என்னைக் கூப்பிட்டாள். என் பெயரைச் சுருக்கி, கடைசி எழுத்தை இழுத்து அவள் கூப்பிடும் விதம் ஒன்று உண்டு. பள்ளிக்கூட வாசலில், ரேஷன் கடை வரிசையில், டைபாய்டு வந்து படுத்திருந்தபோது, எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவாள். ஈரத்துணியைக் கொடியில் அப்படியே விட்டுவிட்டு இறங்கி ஓடினேன். அதற்குள் கூடத்திலிருந்து ஓரகத்தி, "வாங்க, வாங்க" என்று போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கம்மாவும் என்னை இப்படித்தான் கூப்பிடுவாங்க. ஒரு நிமிஷம் அவங்கதான் வந்துட்டாங்களோன்னு நெனச்சேன்" என்றாள். அவளுக்கு அம்மா இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அம்மா அவள் கன்னத்தைத் தொட்டு, அந்தச் சுருக்கின பெயரை இன்னொரு தரம் சொன்னாள். இந்த முறை அவளைப் பார்த்து.

நான் படியின் கடைசியில் நின்றுகொண்டிருந்தேன்.

மாமியார் காபி கொடுத்துக்கொண்டே, "சம்பந்தி, இங்க வந்தா சின்னவள புதுப் பேர்லயே கூப்புடுங்க. இல்லேன்னா பேஜாரா போவுது" என்றார். அம்மா தலையாட்டினாள். போகும்போது என்னைப் புதுப் பெயரால் கூப்பிட்டு "உடம்பைப் பார்த்துக்கோ" என்றாள். பாடப் புத்தகத்தைப் படிப்பது போல, எழுத்தெழுத்தாக. அன்று எனக்கு ஓரகத்தியின் மேல் வந்த கோபத்தை வார்த்தையில் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. தாய் இல்லாத ஒருத்தி மேல் அப்படிப் பொறாமைப்படலாமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். படத்தான் பட்டேன்.

ஆபீசில் மட்டும் நான் பழைய ஆள். வருகைப் பதிவேட்டில் என் பெயர்தான் இருந்தது. ஆனால் இனிஷியல் மாறியது. பணிப்பதிவேட்டில் அப்பாவின் 'கே' போய், கணவரின் 'ஆர்' வரவேண்டும் என்று தலைமை எழுத்தர் சொன்னார். அதற்கு நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கினேன். புதுப் பெயரையும் மாற்றட்டுமா என்று அவர் கேட்டபோது, "வேண்டாம் சார், அது வீட்டுக்கு மட்டும்" என்றேன். இதில் நான் யோசிக்காத ஒன்று இருந்தது. மூத்தாரின் பெயருக்கும் முதல் எழுத்து 'ஆர்'தான். மாமனார் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே எழுத்தில் பெயர் வைத்திருந்தார். ஆக, காகிதத்தில் இப்போது நானும் ஓரகத்தியும் ஒரே எழுத்துகள். இனிஷியல் உட்பட.

ஐந்து வருஷம் அப்படியே ஓடியது. எனக்கு ஒரு மகன் பிறந்தான். அவனை அவள்தான் வளர்த்தாள் என்று சொல்லவேண்டும். நான் ரயிலில் போகும் நேரமெல்லாம் அவள் இடுப்பில்தான் இருந்தான். பேச ஆரம்பித்ததும், மாமியார் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, அவளை அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டான். எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். என் மகன் வாயிலிருந்து என் பெயர் வந்தது. வந்து அவளிடம் போனது.

அதற்குச் சில மாதங்கள் கழித்து, ஓர் இரண்டாம் சனிக்கிழமை. எனக்கு லீவு. மாமியாருக்கு முட்டி வலி என்று ஓரகத்தி அவரைக் குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தாள். மற்றவர்களும் வெளியே போயிருந்தார்கள். வீட்டில் நானும் தூங்கிக்கொண்டிருந்த பையனும்தான். பதினோரு மணிக்குப் போஸ்ட்மேன் கேட்டில் நின்று, இனிஷியலோடு முழுப் பெயரையும் படித்து, "நீங்களாம்மா?" என்று கேட்டார். அவர் அந்தத் தெருவுக்குப் புதிதாக வந்தவர்.

"ஆமா, நான்தான்" என்றேன்.

அந்த வீட்டு வாசலில் நின்று நான் அந்தப் பதிலைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் மனசுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. நான் எழுதியிருந்த டிபார்ட்மென்ட் பரீட்சை சம்பந்தமாக ஏதோ வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். அதனால்தான் பிரித்தேன். இதுவரைக்கும் என் மேல் தப்பில்லை.

உள்ளே இருந்தது மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து வந்த அழைப்பு. இடைநிலை ஆசிரியர் பணிக்குப் பரிந்துரைக்கப்பட்டிருப்பதாகவும், அடுத்த வாரத்துக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் காஞ்சிபுரத்தில் அசல் சான்றிதழ்களோடு வரவேண்டும் என்றும் எழுதியிருந்தது. ஓரகத்தி கல்யாணத்துக்கு முன்னால் ஆசிரியர் பயிற்சி முடித்துப் பதிந்து வைத்திருந்தாள். மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் மூத்தார் அவளை அழைத்துப்போய்ப் புதுப்பித்து வருவார். பக்கத்து ஊர்க் கோயிலுக்குப் போய் வருவது போல அதை ஒரு வழக்கமாகத்தான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். கடைசியாகப் போனபோது 'ஆர்' என்று மாற்றியிருக்கிறார்கள்.

சாயந்திரம் கொடுக்கலாம் என்று கைப்பையில் வைத்தேன்.

சாயந்திரம் அவர்கள் திரும்பி வந்தார்கள். மாமியார் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே தெருவுக்கே கேட்கிற மாதிரி, "இவ இல்லேன்னா நான் இன்னா ஆவேனோ" என்று அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிப் புகழ்ந்துகொண்டு வந்தார். என் பையன் தூக்கம் கலைந்து அழுதான். நான் தூக்கினேன், நிறுத்தவில்லை. அவள் தூக்கினாள், நிறுத்திவிட்டான். என் கணவர் வேலையிலிருந்து வந்து, "அண்ணி வந்தாச்சா? அப்போ டிபன் உண்டு" என்றார். கைப்பை மாடியில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நாளைக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை அந்தக் கவர் என்னோடு சைதாப்பேட்டைக்கு வந்தது. ஆபீசில் என் மேஜை இழுப்பறையில் கார்பன் தாள்களுக்கு அடியில் வைத்தேன். தினமும் அதைப் பார்த்தேன். கிழித்துப் போடவேண்டும் என்று நினைக்கவில்லை, கொடுக்கவேண்டும் என்றும் நினைக்கவில்லை. அவளிடம் எல்லாம் இருக்கிறது, இதுவும் வேண்டுமா என்று ஒரே ஒரு எண்ணம்தான் சுற்றிச் சுற்றி வந்தது. என்னிடம் மிச்சமிருந்தது இந்த ஆபீஸ் ஒன்றுதான். இங்கே மட்டும்தான் அந்தப் பெயருக்கு நான் சொந்தக்காரி. நாளைக்கு அவளும் ஒரு பதிவேட்டில் அந்தப் பெயரை, அந்த இனிஷியலோடு, கையெழுத்தாகப் போடுவாள். டைப் அடிக்கும்போது விரல்கள் தவறின. ஒரே கடிதத்தை மூன்று முறை அடித்தேன்.

செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. எட்டு நாளில் எத்தனை தடவை அவள் எனக்குச் சோறு போட்டிருப்பாள்!

அடுத்த திங்கட்கிழமை காலை. மறுநாள் காஞ்சிபுரத்தில் இருக்கவேண்டிய நாள். நான் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் தோசைக்கல்லைத் துடைத்தபடி கேட்டாள்.

"போன வாரம் நம்ம பேர்ல ஒரு கவர் வந்துச்சாமே? நேத்து கடைகிட்ட அந்தப் புது போஸ்ட்மேன பார்த்தேன், அவரு சொன்னாரு. உனக்கு வந்ததா?"

"ஆமாக்கா. ஆபீஸ் விஷயம்" என்றேன்.

"பாஸ் பண்ணிட்டியா?"

"இன்னும் தெரியலை."

"பண்ணிடுவ. நீ படிச்சவ" என்றாள். பெருங்காய டப்பாவை மூடி அலமாரியில் வைத்தாள்.

தாம்பரம் ஸ்டேஷன் வரை நடந்தேன். ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. அவள் 'என் பேர்' என்று சொல்லவில்லை, 'நம்ம பேர்' என்றாள். பல்லாவரம் தாண்டுவதற்குள் அந்த ஒரு வார்த்தை என்னை உட்காரவிடாமல் செய்துவிட்டது. ஐந்து வருஷமாக அவள் எடுத்துக்கொண்டாள், எடுத்துக்கொண்டாள் என்று நான் நினைத்திருந்தேன். அவள் மனதில் அது எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாகத்தான் இருந்திருக்கிறது.

ஆபீசுக்குப் போய் இழுப்பறையைத் திறந்து கவரை எடுத்தேன். உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பினேன். பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது அவள் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கவரை நீட்டினேன். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். படித்தாள். பிறகு கவரைத் திருப்பி அஞ்சல் முத்திரையைப் பார்த்தாள். அதில் இருந்த தேதி தெளிவாகவே விழுந்திருந்தது.

"நாளைக்கா?" என்றாள்.

"ஆமாக்கா."

அவள் உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து சான்றிதழ்களை எடுத்துப் பார்த்தாள். அப்போதுதான் இருவரும் கடிதத்தின் கடைசி வரியைக் கவனித்தோம். பெயரிலோ முன்னெழுத்திலோ மாற்றம் இருந்தால் அதற்கான ஆதாரம் கொண்டுவரவேண்டும். அவளுடைய சான்றிதழ்களில் எல்லாம் அவள் அப்பாவின் 'எம்'. கடிதத்தில் 'ஆர்'. அவளிடம் ஆதாரம் என்று ஒரு காகிதமும் இல்லை. எட்டு நாள் கையில் இருந்திருந்தால் மூத்தார் தாலுகா ஆபீசுக்குப் போய் ஏதாவது வாங்கி வந்திருப்பார். அவரோ அன்று வேலை விஷயமாகத் திருச்சிக்குப் போயிருந்தார்.

அவள் சான்றிதழ்களை மறுபடி மறுபடி புரட்டினாள். ஐந்து வருஷத்தில் அவள் பதறி அன்றுதான் பார்த்தேன்.

"புடவைய மாத்துங்கக்கா. சைதாப்பேட்டை கோர்ட் வாசல்ல நோட்டரி இருக்காரு. எனக்கு அவர்தான் எழுதிக் கொடுத்தாரு" என்றேன்.

பையனை மாமியாரிடம் விட்டுவிட்டு, "வேலைக்கு ஆர்டர் வந்திருக்கு அத்தை" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினோம். மத்தியான ரயிலில் கூட்டம் இல்லை. எதிரெதிரே உட்கார்ந்தோம். குரோம்பேட்டை வரை அவள் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"ஏன்?"

பொய் சொல்ல நிறைய இருந்தது. மறந்துவிட்டேன், ஃபைலோடு கலந்துவிட்டது. ஒன்றும் வாயில் வரவில்லை.

"எல்லாரும் உங்களத்தான் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடறாங்க. அது என் பேரு. எங்கம்மாகூட உங்களத்தான்…" அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது.

"கூப்பிடறாங்க. எதுக்குக் கூப்பிடறாங்கன்னு என்னிக்காவது கேட்டிருக்கியா?" என்றாள். குரல் தாழ்ந்துதான் இருந்தது, ஆனால் அப்படியொரு காரத்தை நான் அவளிடம் கேட்டதில்லை. "காபி எங்க? தண்ணி வந்திருச்சா? குழந்த ஆய் போயிருச்சு. ஒரு நாள் பூரா அதுக்குத்தான் அந்தப் பேரு. ராத்திரி படுக்கும்போது காதுல கேட்டுக்கிட்டே இருக்கும். நீ குளிக்கப் போயிருக்கும்போது உன் பைய திறந்து சீசன் டிக்கெட் அட்டைய எடுத்துப் பார்ப்பேன். உன் போட்டோ, பக்கத்துல என் பேரு. ஒரு நாள் அதுல என் விரல வெச்சு உன் மூஞ்ச மறைச்சுப் பார்த்தேன். போதுமா?"

நான் அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தேன். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. ஆனால் துடைக்கவில்லை.

"உம் மேல எனக்கும் பொறாமை இருந்துச்சு. ஆனா நான் உன் தபால எடுத்து ஒளிச்சு வெச்சதில்ல" என்றாள்.

 சைதாப்பேட்டையில் இறங்கி வேகமாக நடந்தோம்.

கோர்ட்டுக்கு எதிரே மர நிழலில் டைப்ரைட்டரோடு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். முத்திரைத்தாள் வாங்கி வந்தோம். "எம் போட்ட இன்னாரும், ஆர் போட்ட இன்னாரும் ஒருவரே" என்று அவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டே அடித்தார். அவர் வாயில் என் பெயர் இரண்டு தடவை வந்தது. இரண்டும் அவள். அவள் கையெழுத்துப் போட்டாள். ஆளைத் தெரியும் என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும் என்றார். என்னிடம் பேனாவைக் கொடுத்தாள். போட்டேன்.

குமாஸ்தா தாளை எடுத்துப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியை இறக்கினார். "என்னம்மா, சாட்சி இடத்துலயும் இவங்க பேரையே போட்டுட்டீங்க?"

"அது என் பேரு சார்."

"இனிஷியலுமா?"

"ஆமா சார்."

"விளையாடறீங்களா? அந்தம்மாவ அந்தம்மாவே சாட்சி சொன்ன மாதிரி இருக்கு. காஞ்சிபுரத்துல தூக்கி எறிஞ்சிருவான். வேற ஆள் இருக்கா?"

மணி மூன்றரை. நோட்டரி நாலு மணிக்குக் கிளம்பிவிடுவார். வேறு ஆள் இல்லை. ஓரகத்தி என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்க அவளுக்கு வாய் வரவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

"எனக்கு வீட்ல வேற பேரு இருக்கு சார். ரேஷன் கார்டுல அதுதான்" என்றேன்.

"அப்போ அதப் போடுங்க. புதுத் தாள்ல அடிச்சுத் தரேன்."

இன்னொரு முத்திரைத்தாளில் மறுபடி அடித்தார். புதுப் பெயரைக் கையெழுத்தாக நான் அதற்கு முன் போட்டதே இல்லை. மாமனார் வைத்த பெயர், ஐந்து வருஷமாக நான் கசப்பு மருந்து போல விழுங்கிய பெயர். அதற்கு ஒரு கையெழுத்தும் என்னிடம் இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போல ஒவ்வோர் எழுத்தாக எழுதினேன். கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. குமாஸ்தா வாங்கி உள்ளே கொண்டுபோனார்.

மறுநாள் விடிகாலை பஸ்ஸில் அவளை என் கணவர் காஞ்சிபுரத்துக்கு அழைத்துப் போனார். தபால் எப்போது வந்தது என்று அவரிடம் அவள் சொல்லவில்லை. மாமியாரிடமும் மூத்தாரிடமும்கூடச் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் அந்த வீட்டில் எவருக்கும் தெரியாது. பத்திரத்தை ஏற்றுக்கொண்டார்களாம். நான்கு மாதம் கழித்து வேலை வந்தது. காட்டாங்குளத்தூர் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம்.

இதோடு என் மனது சுத்தமாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். அவள் முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினபோது வெள்ளையில் ஊதாப் பூப்போட்ட கைத்தறிப் புடவை கட்டியிருந்தாள். நான்தான் கொசுவம் பிடித்துவிட்டேன். பிடித்துக்கொண்டிருக்கும்போதே, இனி வெளியிலும் இவள்தான், உள்ளேயும் இவள்தான் என்று நெஞ்சுக்குள் ஓர் அரிப்பு. என் கையால் கொசுவம் நன்றாகவே விழுந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒருத்திக்குள் இருக்கமுடியும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

மாமியார் கொஞ்ச நாள் முணுமுணுத்தார். காலையில் இருவரும் சேர்ந்து சமைத்துவிட்டு, அவள் தெற்கே போகிற வண்டியிலும் நான் வடக்கே போகிற வண்டியிலும் ஏறுவோம். பேச்சு பழையபடி வர ஒரு வருஷம் ஆனது. அவள் கோபமாகப் பேசவில்லை, ஆனால் என் தட்டில் எதையும் கேட்காமல் போடுவதை நிறுத்திவிட்டாள். "குழம்பு வேணுமா?" என்று கேட்பாள். அந்தக் கேள்வி எனக்குத் தண்டனையாகத்தான் இருந்தது. எனக்கு மஞ்சள்காமாலை வந்து மூன்று வாரம் படுத்திருந்தபோது கேட்காமல் கஞ்சியை வாயில் ஊட்டினாள். அதன்பிறகு சரியாகப் போய்விட்டது. முழுக்கச் சரியாகிவிட்டதா என்று நான் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் மாமனார் போன பிறகு, நாங்கள் மாடம்பாக்கத்தில் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு வந்தோம். முதல் வாரம், சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது கணவரிடம் சொன்னேன். "இங்க அக்கா இல்ல. இனிமே என்னை என் பேர் சொல்லியே கூப்பிடுங்களேன்."

அவர் நல்ல மனிதர். "அதுக்கென்ன" என்றார். மறுநாள் காலை பல் தேய்த்துவிட்டு வந்து என் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். பாதியில் நின்றுவிட்டார். இன்னொரு முறை முயன்றார். பிறகு சங்கடத்தோடு சிரித்தார்.

"வர மாட்டேங்குதுடி. அண்ணியப் பேர் சொல்லிக் கூப்பிடற மாதிரி இருக்கு."

மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை. நாலாம் நாள் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் ஆனது, பேசவேண்டியதாகிவிட்டது. அவர் புதுப் பெயரையே சொல்லிக் கூப்பிட்டார். நான் "என்னங்க" என்றேன்.